அப்படியே இருக்கச் சொன்னார்கள்

என்னை அந்த ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளவில்லை. மனிதர்கள் நோய்நொடி இல்லாமல் எப்படி வயதாகிறார்கள் என்று பத்து வருஷம் கூடவே இருந்து பார்க்கிற ஆராய்ச்சியாம் அது. எனக்கு ஏற்கெனவே சர்க்கரை. ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க இதுல வர மாட்டீங்க" என்று பஞ்சை ஒட்டி அனுப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் இல்லை. பல்லைத் தவிர எல்லாம் சொந்தம். ஆராய்ச்சி மையத்திலிருந்து வெளியே வரும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பரீட்சையில் முதலாவதாக வந்த பையன் கெட்டான்.

அவர் எடை அளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாக ஏறி இறங்கி, தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துவது வேலை. சரியில்லாத கல்லைப் பறிமுதல் செய்து கையோடு கொண்டுவந்துவிடுவார். சொந்தத் தம்பி கடையாக இருந்தாலும் விட மாட்டார். விடவும் இல்லை, கொழுந்தனார் இன்றுவரை எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பயிற்சியாளர் வைத்து, வாரத்தில் மூன்று நாள் நடைப்பயிற்சி. இன்னொரு பாதிக்கு ஒன்றும் கிடையாது, வருஷத்துக்கு ஒரு முறை வந்து உடம்பை அளந்து காட்டிவிட்டுப் போனால் போதும். இவர் இரண்டாவது பாதியில் விழுந்தார். அளவு எடுக்கிற பெண் அப்போது வேலைக்குப் புதிது. சிரித்துக்கொண்டே சொன்னாள், "நீங்க எதையும் மாத்திக்க வேண்டாம் சார். இப்ப எப்படி இருக்கீங்களோ அப்படியே இருங்க."

அப்போது எப்படி இருந்தார்? அதற்கு முந்தின வாரம்தான் குளியலறையில் வழுக்கிக் கணுக்கால் சுளுக்கியிருந்தது. கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் கிடந்தார். கடைத்தெருக்களில் ஆயுள் முழுக்க நடந்த மனுஷன். "நடக்கிற பழக்கம் இருக்கா சார்?" என்று அந்தப் பெண் கேட்டபோது, "இப்ப இல்லை" என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், உள்ளதைச் சொன்னார். பிறகு கட்டைப் பிரித்தார்கள், கால் சரியாகிவிட்டது. அவர் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சாப்பிட, குளிக்க, படுக்க, அவ்வளவுதான் நடமாட்டம்.

"ஏங்க, கால்தான் நல்லாயிடுச்சே. வாங்க, கொஞ்ச தூரம் போயிட்டு வருவோம்" என்றேன்.

"சேர்ந்த அன்னைக்கு எப்படி இருந்தேனோ அப்படியே இருக்கச் சொல்லியிருக்காங்க."

"அதுக்காக? ஒரேயடியா உட்கார்ந்துக்கிறதா?"

அதற்கு அவர் தன் அலுவலகத்துத் தரக்கல்லின் கதையைச் சொன்னார். மற்ற எடைக்கல்லையெல்லாம் ஒப்பிட்டுச் சரிபார்க்க, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கல் இருக்குமாம். அதை வைத்து யாரும் எதையும் நிறுக்கக் கூடாது, வெறும் கையால் தொடவும் கூடாது. "தொட்டா தேயும். அது தேஞ்சுட்டா, ஊர்ல இருக்கிற அத்தனை கல்லும் பொய்யாயிடும். நடக்கிறவங்களுக்கு எவ்வளவு நல்லதுன்னு எதை வச்சுப் பார்ப்பாங்க? என்னை வச்சுத்தான். அந்தக் கல்லு இப்ப நான்."

"ஆமாம், கல்லாவே ஆயிட்டீங்க" என்றேன். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

நான் காத்திருந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். வேலையில் இருந்த காலத்தில் சாயங்காலம் வீங்கின பாதத்தோடு வருவார். வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, "ஓய்வு பெறட்டும், தினமும் உன்னைக் கூட்டிக்கிட்டுக் கால்வாய் ரோட்டுல நடக்கிறேன். கடை எதையும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்" என்பார். நகையும் புடவையும் கேட்டவளில்லை நான். இதை மட்டும் வருஷக்கணக்கில் மனதுக்குள் வைத்திருந்தேன். கடைசியில் அந்தக் கால்வாய் ரோட்டில் நான் தனியாக நடந்தேன். எதிரே ஜோடியாக வருகிறவர்களைக் கண்டால் வயிறு எரியும். பொறாமைதான், வேறென்ன சொல்வது?

ஒன்பது வருஷம் இப்படியே போயிற்று. ஆரோக்கியம் இல்லை என்று கழித்துக் கட்டப்பட்ட நான் நடந்து நடந்து சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டேன். ஆரோக்கியம் என்று பொறுக்கியெடுத்த மனுஷன் கண்ணெதிரே கரைந்தார். கெண்டைக்கால் சதை வற்றி, வேட்டி விலகும்போதெல்லாம் எனக்குப் பகீரென்றது. முதுமையில் உடம்பைப் பேணுவது பற்றி மையத்தில் எல்லோருக்கும் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். படித்தால் எங்கே மாறிவிடுவோமோ என்று அவர் அதைப் பிரிக்கவே இல்லை. தெருமுனை டாக்டர் நடக்கச் சொன்னதற்கு, "ஆராய்ச்சி முடியட்டும் டாக்டர்" என்று பதில். கெஞ்சினேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். "வாக்கு கொடுத்திருக்கேன்" என்ற ஒரே பாட்டுதான். நான் நடக்கப் போகும்போது மட்டும் ஜன்னலிலிருந்து, "நீ போயிட்டு வா" என்று பெரிய மனசோடு அனுமதி கொடுப்பார்.

இந்த வருஷம் வாசலுக்கே ஆட்டோவை வரவழைத்து அளவு கொடுக்கப் போயிருந்தோம்; படி இறங்க என் தோளைப் பிடித்துக்கொண்டார். கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும், அது ஒரு சோதனை. இவரால் ஒரு தடவைகூட எழ முடியவில்லை. இரண்டாம் முயற்சியில் முகம் சிவந்து மூச்சு வாங்கியது. அளவு எடுக்கிற பெண் மெதுவாக, "போதும் சார்" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம், "நாற்காலியோட உயரத்தைக் குறைச்சுட்டாங்க. அளந்து பார்த்திருக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் அவரிடம் சொல்லாமல் நான் மட்டும் மையத்துக்குப் போனேன். அந்தப் பெண் எடை பார்க்கும் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரை எப்பத்தான் எழுந்திருக்க விடுவீங்க?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டேன்.

"என்னம்மா சொல்றீங்க? யாரு உட்காரச் சொன்னது?"

"நீதான். அப்படியே இருங்கன்னு சொன்னியே."

அவளுக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் துணியைக் கீழே வைத்துவிட்டாள். "அம்மா, நாங்க பயிற்சி தர மாட்டோம்னுதான் அதுக்கு அர்த்தம். அவங்களா நடந்தா தாராளமா நடக்கலாம். அந்தக் குழுவுல பாதிப் பேருக்கு மேல நடக்கிறாங்க. ஒருத்தர் நீச்சலுக்குக்கூடப் போறார்."

"ஒன்பது வருஷமா பார்க்கிறியே, ஒரு வார்த்தை கேட்கத் தோணலையா?"

"வருஷா வருஷம், 'எந்த மாற்றமும் இல்லை'ன்னு அவ்வளவு சந்தோஷமா சொல்வார்மா. நடக்கச் சோம்பல் போலன்னு விட்டுட்டேன். சிலர் அப்படி இருப்பாங்க."

அந்தச் சோம்பல் என்ற வார்த்தை கேட்டு எனக்குக் கை பரபரத்தது. ஆனால் அவள் கண் கலங்கி நின்றாள். அவளை அறைந்து யாருக்கு என்ன ஆகப் போகிறது? தலையைத் தடவிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது மனதில் ஒரு சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன்? தடை நீங்கிவிட்டது. இன்றைக்கே செருப்பை மாட்டி இழுத்துக்கொண்டு போய்விட வேண்டியதுதான் என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவர் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன்.

அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "நீச்சலுக்குப் போறாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"அப்ப என் அளவு மட்டும் குறைச்சலா இருந்திருக்கும். என்னைப் பக்கத்துல வச்சுப் பார்த்தா, பயிற்சி எடுத்தவங்களோடது தானாவே ஏத்தமாத் தெரியும்" என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தனை பேர் கல்லைப் பிடுங்கியிருக்கேன். கடைசியில நானே கள்ளக் கல்லா இருந்திருக்கேனேடி."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கால் போனதற்கு அழவில்லை, நான் தனியாக நடந்த வருஷங்களுக்கு அழவில்லை, ஆராய்ச்சியின் கணக்குக்காக அழுகிறார்! இருந்தாலும் அவர் கேட்டுக்கொண்டபடி மையத்துக்குப் போன் போட்டு, இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்து அவர் கையில் கொடுத்தேன்.

"என் அளவை எல்லாம் எடுத்துடும்மா. அது தப்பு" என்றார்.

"எடுக்க முடியாது சார்" என்றாள் அந்தப் பெண். "குலுக்கல்ல எந்தப் பக்கம் வந்தாங்களோ, கடைசி வரைக்கும் அந்தப் பக்கத்துலதான் சேர்த்துப் பார்க்கணும். அதுதான் விதி. நீங்க கவலைப்படாதீங்க சார். எத்தனையோ நூறு பேர்ல நீங்க ஒருத்தர்தானே, உங்களால முடிவு பெரிசா மாறிடாது."

ஆறுதலாகத்தான் சொன்னாள், பாவம். அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் செத்துவிட்டது. போனை நீட்டினார், நான் வாங்கி வைத்தேன்.

வெயில் தாழ்ந்திருந்தது. நான் உள்ளே போய் அவருடைய செருப்பைத் தேடி எடுத்துத் துடைத்துக் காலடியில் வைத்தேன். "ஆனது ஆச்சு, விடுங்க. இனி யாரும் உங்களைத் தடுக்கலை. எழுந்திருங்க, தெருமுனை வரைக்கும் போயிட்டு வருவோம்."

அவர் செருப்பையே பார்த்தார். கைப்பிடியில் இரண்டு கையையும் ஊன்றினார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"முடியலடி" என்றார்.

"முடியும். நான் பிடிச்சுக்கிறேன்."

"இன்னைக்கு இல்ல. ரெண்டு வருஷமாவே முடியல. நீ வெளிய போயிருக்கும்போது வாசல் வரைக்கும் போய்ப் பார்ப்பேன். படியில காலை வச்சா நடுங்குது. சுவரைப் பிடிச்சுக்கிட்டே திரும்பிடுவேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"ஆராய்ச்சி இருக்கே, அதைச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

அத்தனை வருஷமும் அந்த மையத்தைத் திட்டித் தீர்த்தவள் நான். அது நடுவில் இருந்தவரை, என்றைக்காவது அது விலகும், அவர் எழுந்து வருவார் என்று எனக்கொரு பிடிப்பு இருந்தது. இப்போது யாரைத் திட்டுவது? பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் கை வைத்தேன். வேட்டிக்குள் எலும்புதான் தட்டுப்பட்டது.

வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு, "நீ போயிட்டு வா, இருட்டிடப் போகுது" என்றார்.

போனேன். முதுகை நிமிர்த்திக்கொண்டு, என்றைக்கும் நடக்கிற வேகத்திலேயே நடந்தேன். தெருமுனை திரும்பின பிறகுதான் சுவரில் சாய்ந்து நின்று அழுதேன். அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெருமுனை வரைக்கும்தான் தெரியும்.