உடன்குடிக் கருப்பட்டி

டாக்டர் நிறுத்தச் சொன்னது சீனியை. சங்கரம்மாள் அன்று சாயங்காலமே சீனி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். ரேஷன் கடையில் கால்கடுக்க நின்று வாங்கிய சீனி, அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போனது. போனால் போகட்டும். புருஷன் பொன்னுதுரைக்கு நாற்பத்தாறு வயதிலேயே சீனி வியாதி வந்துவிட்டதே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பொன்னுதுரை தூத்துக்குடி புதுத் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் உர மூட்டைகளை வெயிலில் நின்று எண்ணி எழுதவேண்டும். ஒரு மூட்டை பிசகினாலும் மேலே இருக்கிறவன் கத்துவான். மழையில் வேலை நின்றுபோனால் அதற்கும் இவனைத்தான் ஏசுவான், மழையை இவன் கூட்டிவந்த மாதிரி. அத்தனை ஏச்சையும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்கிற மனுஷன், வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய் ஒரு கை சீனியை அள்ளி வாயில் போடுவான். அப்புறம்தான் சட்டையைக் கழற்றுவான்.

சீனியை நிறுத்திய மூன்றாம் நாள், கேழ்வரகுக் கூழைக் கும்பாவோடு சுவரில் விட்டெறிந்தான். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவன் அப்படிச் செய்ததில்லை. சங்கரம்மாள் சிதறிய கூழைக் கையாலேயே வழித்தெடுத்தாள்.

அந்த வாரம் அவளுடைய அண்ணன் மாசானம் உடன்குடியிலிருந்து வந்தான். வருஷா வருஷம் தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுவருகிற கருப்பட்டி, ஓலைப்பெட்டி நிறைய இருந்தது.

“சீனிய மருந்து போட்டுல்லா வெளுக்கான். இது பனையில எறக்குனது. ஒண்ணுஞ் செய்யாது, தாராளமாக் குடு” என்றான்.

பிறந்த வீட்டுப் பண்டம் கெடுதல் செய்யுமா? காலையில் கருப்பட்டிக் காப்பி, சாயங்காலம் கருப்பட்டிக் காப்பி, வேலைக்குப் போகும்போது சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து இரண்டு துண்டு. வீடு அமைதியானது. எங்க வீட்டில் ஒரு பொட்டுச் சீனி கிடையாது என்று சங்கரம்மாள் தெருவெல்லாம் பெருமை பேசினாள். டாக்டர் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். ஆனால் கருப்பட்டி குடுக்கலாமா என்று மட்டும் அவரிடம் கேட்கவில்லை. மறந்தெல்லாம் போகவில்லை. கேட்டால் என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயம். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது.

பங்குனியில் ஒருநாள் வேலை முடிந்து வந்தவன் வீட்டுக்குள் நடந்த இடமெல்லாம் ரத்தம்.

“ஐயையோ! வலிக்கலியா ஒங்களுக்கு?”

“எங்க?” என்றான் அவன்.

செருப்பின் ஆணி கிளம்பி உள்ளங்காலில் ஏறியிருந்தது. அதோடு பகல் முழுக்க நின்றிருக்கிறான். பத்தே நாளில் விரல்கள் கறுத்தன. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டும், நாளைக்கே எடுக்கவேண்டும் என்றார் டாக்டர்.

“வீட்டில் என்னதான் சாப்பிடுகிறார்?”

சங்கரம்மாள் அன்றைக்குத்தான் சொன்னாள்.

“கருப்பட்டியும் சீனிதாம்மா” என்றார் அவர். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சங்கரம்மாள் புருஷனின் கட்டிலோரம் போய் உட்கார்ந்தாள்.

“நாந்தான் ஒங்க காலக் கெடுத்துட்டேன். கருப்பட்டியும் சீனிதானாம்.”

பொன்னுதுரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“போன வருசமே எங்க தொறமுக ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சொன்னாரு. ஒங்கிட்டச் சொன்னா அதயும் நிறுத்திருவியே ஏளா.”

அழுகை வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. கோபம் வரும் என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை. அவள் கேட்கப் பயந்ததைத்தான் அவன் சொல்லப் பயந்திருக்கிறான். ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில்.

காலையில் வழக்கம்போலப் போட்டுக் கொண்டுவந்த காப்பி பிளாஸ்கில் இருந்தது. வாசனை அவனுக்கு எட்டியிருக்க வேண்டும்.

“நாளைக்குத்தான வெட்டப் போறானுவ. இன்னைக்கு ஒரு மடக்குக் குடு” என்று கையை நீட்டினான்.

சங்கரம்மாள் பிளாஸ்கை மடியில் வைத்து, மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் நீட்டிய கையை மடக்கவேயில்லை.