இருபது கிராமுக்கு மிகாமல்

புதுச்சேரியிலிருந்த அந்தப் பிரெஞ்சுப் பள்ளியிலிருந்து அமெரிக்கப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கடிதத்தில்தான் அனுப்புவார்கள். ஓர் உறைக்கு இருபது கிராம். அதற்கு மேல் போனால் தபால்காரர் வாங்கமாட்டார். பிள்ளை தன்னைப் பற்றி எதை எழுதுகிறதோ அது உறைக்குள் போய்விடும். அங்கே எழுதும் பிள்ளையும் அப்படியே இங்கே வந்து சேரும். இருவரும் முழுதாகப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருஷம். அது முடிந்தால் வந்த வழியே திரும்பலாம்.

சவரிநாதனின் மகள் மர்சலின் பதினான்கு வயதில் இதற்குப் பெயர் கொடுத்தாள். மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அப்பாவும் மகளும்தான்.

முதல் கடிதத்தில் அவள் தன் தும்மலை எழுதினாள். மூன்று வரும், நான்காவது வருவதுபோல் வந்து நின்றுவிடும். அன்று முதல் மிளகாய் வறுத்தால் சவரிநாதன் மட்டுமே தும்மினார். அவள் உயரத்துக்கு நான்கு கடிதங்கள் தேவைப்பட்டன.

வெர்மான்டிலிருந்து எழுதிய பெண் ரோவீனா. அவளுடைய விசில்தான் முதலில் வந்தது. அது அடுப்படியில் சுற்றிக்கொண்டிருந்ததால் சவரிநாதன் ஒரு நாற்காலி போட்டார். பிறகு செம்பட்டை முடி, முழங்கைகள், ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நிற்கும் பழக்கம் என்று ஒவ்வொன்றாக வந்து நாற்காலி நிரம்பியது.

மே மாதம் மர்சலினிடம் மிச்சம் இருந்தவை இரண்டு. எழுதும் கை ஒன்று. அப்பாவைக் கூப்பிடுவது ஒன்று. பள்ளி விட்டு வரும்போது தெருமுனையிலேயே "அப்போவ்" என்று இழுத்துக் கூப்பிடுவாள். எந்த வேலையில் இருந்தாலும் அவர் "வந்துட்டேம்மா" என்பார். ஒரு சனிக்கிழமை அந்தக் கை அதையும் எழுதியது. கடைசி உறையை ஒட்டும் கை அதற்குள்ளேயே போய்விடுவது வழக்கம். மிச்ச ஓரத்தை வீட்டார் ஒட்ட வேண்டும். சவரிநாதன் ஒட்டினார்.

தபால்பெட்டி வரை போனார். வெயில் அதிகம் என்று சொல்லிக்கொண்டு திரும்பினார். கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. தினமும் நாலு மணி பத்து நிமிஷத்துக்குப் பை "அப்போவ்" என்றது. அவர் "வந்துட்டேம்மா" என்றார். மூன்று வாரம் இப்படிப் போயிற்று.

"சார், உங்க பாக்கெட்டு கூப்பிடுது" என்றார் தபால்காரர் முனிரத்தினம்.

"எனக்குக் காது கேக்குது."

"கேட்டா எடுத்துக் குடுங்க சார். என் பையில எடம் இருக்குது. அந்தச் சட்டைக்கும் சோப்பக் காட்டுங்க, மூணு வாரமா இதேதான்."

அடுத்த நாள் பள்ளியிலிருந்து மதாம் எவ்லின் வந்தார்.

"முசே, அங்க உங்க பொண்ணு இடது கையால சாப்பிடுறா. சாயந்தரம் தெருமுனையில நின்னு வாயத் தொறக்குறாளாம். ஒண்ணும் வரலயாம். மூடிட்டு உள்ள போயிடுறாளாம்."

"எப்பத் திரும்புவா மதாம்?"

"வருஷமே ஆரம்பிக்கல. ஆரம்பிக்காத வருஷம் எப்படி முசே முடியும்?"

அன்று மாலை சவரிநாதன் ஜன்னலோரம் நின்றார். ரோவீனா வந்தாள். தெருமுனையில் நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள், இடது கையால் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மூன்று வாரமாக இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர்கள் ஊர் வழக்கம் என்று நினைத்திருந்தார். அங்கேயும் ஒரு சட்டைப் பை இருக்கிறது என்று இப்போதுதான் புரிந்தது.

மறுநாள் பிற்பகல் போய்க் கடிதத்தைப் பெட்டியில் போட்டார். நாலு பத்துக்குப் பெட்டி கூப்பிட்டது. "வந்துட்டேம்மா" என்றார். முனிரத்தினம் வந்து பெட்டியைத் திறந்து எடுத்துப் போகும்வரை பக்கத்திலேயே நின்றார்.

பன்னிரண்டு நாள் கழித்து ரோவீனாவின் கடைசிக் கடிதமும் வந்தது. கை சரியாகப் பொருந்தியது. அன்று மாலை தெருமுனையிலிருந்து "டேட்" என்ற குரல் கேட்டது. அது வேறொருவருக்கு உரியது. ஆனாலும் வீட்டில் இருந்தவர் அவர்தான். "வந்துட்டேம்மா" என்றார். காலண்டரில் தேதியை வட்டமிட்டார்.

இரண்டு வாரம் கழித்து அவர் பெயருக்கே ஒரு கடிதம். ரோவீனாவின் அப்பா எழுதியிருந்தார். "உங்கள் மகள் நேற்று என்னைக் கூப்பிட்டாள். பதில் சொன்னேன். நாமும் எழுதிக்கொள்ளலாமே. எனக்குப் படியேறும்போது இடது முழங்காலில் வலி உண்டு."

படித்து முடித்ததும் சவரிநாதன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தைலம் தேய்த்தார். மழைக்காலத்தில் இது கூடும் என்று தோன்றியது. பிறகு ஒரு தாள் எடுத்து, தன்னிடமிருந்து முதலில் எதை அனுப்பலாம் என்று வெகுநேரம் யோசித்தார். ஆறு வருஷமாகக் கட்டிலில் சுவரோரத்தைக் காலியாக விட்டுப் படுப்பதை எழுதினார்.

தபாலாபீசில் நிறுத்துப் பார்த்தார்கள். நாற்பது கிராம் இருந்தது. இரண்டு உறைகளாகப் பிரித்துப் போட்டுவிட்டு வந்தார்.