முஹன்னது எழுதி வைத்த நிரல்

பஹீஜா அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்தபடி வாடகை வண்டியில் வந்து இறங்கினார். பஸ்ராவில் இந்த மாதிரிப் பெட்டிகளை இன்னும் திறந்து பார்க்கிறவன் ஹாஸிம் ஒருவன்தான் என்று யாரோ என் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். விசைப்பலகைக்குள்ளேயே கணினி, தொலைக்காட்சியில் மாட்டிக்கொள்ளும் ரகம். கூடவே ஒரு டேப் ரெக்கார்டர், ஒரே ஒரு கேசட்.

அவர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். மகன் முஹன்னது தொண்ணூற்றொன்று மார்ச்சில், போர் முடிந்து ஊரில் எழுந்த கிளர்ச்சியை ராணுவம் நசுக்கிய நாட்களில், ரொட்டி வாங்கப் போனான். அவனைப் படைவீரர்கள் வண்டியில் ஏற்றியதைப் பார்த்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு பார்த்தவர்கள் இல்லை. பத்தொன்பது வயது. போருக்கு முன்பே அம்மாவுக்காக ஒரு கணினி நிரல் எழுதி கேசட்டில் பதிந்து வைத்திருந்தான். குண்டுவீச்சில் கரண்ட் போனபோது, வரட்டும், போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தான். கரண்ட் வந்தபோது அவன் இல்லை.

"அவனே வந்து போடட்டும்னு தொடாமலே வெச்சிருந்தேன், தம்பி," என்றார். "இனி வர மாட்டான்னு போன குளிர்காலத்துலதான் ஒத்துக்கிட்டேன். போட்டுப் பார்த்தேன். திரை இருட்டாவே இருந்துச்சு."

பக்கத்துக் கடிகாரக் கடை ஜவாத் எட்டிப் பார்த்தான். "என்ன ஹாஸிம், பொணத்துக்கு ஊசி போடறியா?" என்றான். யாருடையது என்று சொன்னதும் வாயை மூடிக்கொண்டு போய் மூவருக்கும் தேநீர் சொல்லிவிட்டு வந்தான்.

மின்சாரம் தரும் பகுதியில் கெப்பாசிட்டர்கள் உப்பி, கசிந்து, பலகையை அரித்திருந்தன. அவற்றை மாற்றினேன். திரையில் வெளிச்சம் வந்தது, எழுத்து வரவில்லை. நினைவகச் சில்லுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்ததில் ஒன்று சுட்டது. செத்துப்போன வேறொரு பெட்டியிலிருந்து ஒன்றைக் கழற்றிப் பொருத்தினேன். பதினோராம் நாள் நீலத் திரையில் அரபு எழுத்துகள் வந்தன. நான் கடையில் தனியாக நின்று கைதட்டினேன்.

கேசட்டை முதலில் நகல் எடுத்திருக்க வேண்டும். அரை மணி நேர வேலை. அது தெரியாதவன் அல்ல நான். ஆனால் அவன் பெட்டியில், அவன் ரெக்கார்டரில், முதல் தடவையாக அவர் கண்முன் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உண்மையைச் சொன்னால், அப்போது அவர் முகத்தை நான் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. உடனே வரச் சொன்னேன்.

நல்ல கறுப்பு அபாயா அணிந்து வந்தார். பொத்தானை அழுத்தினேன். நிரல் ஒலியாகப் பதிந்திருந்த கீச்சுச் சத்தம் கேட்டது. நிரலின் பெயர் திரையில் வந்தது: யும்மா. இங்கே பிள்ளைகள் அம்மாவை அழைக்கும் சொல். அவர் அதைச் சத்தமாக வாசித்தார்.

பிறகு சத்தம் குழைந்தது. நான் நிறுத்துவதற்குள், இத்தனை வருட வெக்கையில் இளகிப் பிசினாகியிருந்த ரெக்கார்டரின் ரப்பர் உருளை நாடாவை உள்ளே இழுத்துச் சுருட்டிக்கொண்டது. கணினியில் ஒவ்வொரு சில்லையும் பார்த்த நான் அந்த உருளையைத் தொட்டே பார்க்கவில்லை.

சுருண்டதை எடுத்து நீவினேன். இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. நடுவே பூச்சு உதிர்ந்து கண்ணாடிபோல ஆகியிருந்தது. மிஞ்சிய ஒலியை மூன்று வாரம் கேட்டேன். பாக்தாதில் இருக்கும் நண்பனுக்கும் அனுப்பினேன். நிறத்துக்கான சில எண்களும், ஒரு கோடு வரையச் சொல்லும் கட்டளையும் தேறின. அந்தக் கோடு எதன் கோடு என்று எங்களுக்குத் தெரியவில்லை.

கணினியைத் திருப்பிக் கொடுக்க நானே அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"அவன் என்னை எப்பவும் கேலி பண்ணிக்கிட்டே இருப்பான்," என்றார். "அதுவும் கேலியா, இல்ல வேற ஏதாவதா? ஒரு வரிகூடவா தெரியல?"

"தெரியலம்மா."

பெட்டியை நடையில் வைக்கச் சொன்னார். வைத்துவிட்டு நின்றேன். உள்ளே வா, ஒரு வாய் தேநீர் குடி என்று அவர் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எதிரிக்கும் அதைச் சொல்வார்கள். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.