ஒன்பது வோல்ட்டில் ஒரு குரல்

கல்லூரி எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தின் நாலாம் மேசையில் பழைய இரும்புக்காரரின் குரல் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு. அந்த நேரத்தில் அவர் ஆறு கிலோமீட்டர் தள்ளி, தையல் கடை வாசலில் ஓட்டைக் குடம் ஒன்றை எடை போட்டுக்கொண்டிருந்தார். குரல் வந்தது உள்ளங்கை அகல ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து. அதை இணைத்தவள் அவருடைய மகள். அந்தக் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள்.

செய்யச் சொன்னது சாதாரண ஆஸிலேட்டர்தான். ஒரு டிரான்சிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், நாலைந்து ரெசிஸ்டர், ஒன்பது வோல்ட் பேட்டரி. வெளியே போகிற சத்தத்தில் ஒரு துளியை மறுபடி உள்ளே ஊட்டிவிட்டால், டிரான்சிஸ்டர் தன் சத்தத்தைத் தானே கேட்டு, ‘கூ’வென்று ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருக்கும். மற்ற மேசைகளில் பாடியது. இவள் போன வாரம் அவசரத்தில் பேட்டரியைத் தலைகீழாக மாட்டி, கொடுத்த டிரான்சிஸ்டரைப் பொசுக்கியிருந்தாள். ஆய்வகச் சாமான் கொடுக்கும் ஸ்டோர்காரரிடம் போனால் இன்னொன்று கொடுப்பார். கூடவே “உங்களுக்கெல்லாம் எதுக்கும்மா இந்தப் படிப்பு” என்பதையும் கொடுப்பார். அதை ஒருமுறை வாங்கியாயிற்று. ஆகவே அப்பாவின் வண்டியில் வந்த உடைந்த ரேடியோவிலிருந்து சூடுவைத்துப் பிடுங்கிய டிரான்சிஸ்டரை, கால் குட்டையானாலும் பரவாயில்லை என்று சொருகினாள்.

“பழேய்ய இரும்பூ, பிளாஸ்டிக், பேப்பரே...” என்றது ஸ்பீக்கர். நடுவில் அவருடைய இருமல்கூட இருந்தது.

பக்கத்து மேசை டாக்டர் மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஏய், யாருடி அது?”

“யாருக்குத் தெரியும்? தெருவுல எவனோ கத்துறான்.”

அந்த நொடியில், தையல்காரரிடம் எடையைச் சொல்ல வாய் திறந்த இரும்புக்காரருக்கு வெறும் காற்று வந்தது.

மருத்துவமனையில் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டையில் கோளாறு ஏதுமில்லை, குரல்தான் இல்லை என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கூவாத இரும்புக்காரரை யார் கண்டார்கள்? சட்டியைக் கரண்டியால் தட்டிப் பார்த்தார். ஐஸ் வண்டி என்று ஓடிவந்த குழந்தைகள் ஏமாந்து திட்டிவிட்டுப் போனார்கள். வண்டி காலையில் போன மாதிரியே மாலையில் திரும்பியது. “இருபத்திமூணு வருஷமா உங்க சத்தம் எப்ப ஓயும்னு கேட்டேன், கேட்டதக் குடுத்துட்டாரு கடவுள்” என்று அம்மா சிரிக்கப் பார்த்தாள். பாதியில் உதடு கோணிக்கொண்டது.

மகளுக்குத் தெரியும். மறுநாளே பேட்டரியை மாட்டிப் பார்த்துவிட்டாள். குரல் அங்கேதான் இருந்தது. பதினொரு வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. குரல் எங்கே என்று சொன்னால் ‘எவனோ’ என்றதையும் சொல்லியாக வேண்டும். ரெக்கார்டு நோட்டில் ‘சர்க்யூட்டில் இரைச்சல்’ என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டாள்.

பன்னிரண்டாம் வாரம் ஆய்வக ஆசிரியர் புது டிரான்சிஸ்டர் ஒன்றைத் தானே நீட்டினார். “அது வீணாப்போனதும்மா. குப்பைல போட்டுட்டு இத மாட்டு, மார்க் போடுறேன்.”

அவள் குப்பைக்கூடையைப் பார்த்தாள். அடுத்தவர் குப்பையைச் சுமந்துதான் ஒருவர் அவளை இந்த மேசைவரை கொண்டுவந்து விட்டிருந்தார். “வேணாம் சார்” என்று போர்டோடு வாரிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அப்பா பாட்டில் மூடிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் பேட்டரியை மாட்டி, தரையைப் பார்த்துச் சொன்னாள். “உங்க குரல் எங்கிட்டதான்ப்பா இருக்கு. யாருன்னு கேட்டாங்க. எவனோன்னு சொல்லிட்டேன்.”

அவர் உதடு அசைந்தது. சத்தம் ஸ்பீக்கரில் வந்தது.

“பேட்டரியக் கழட்டி வைம்மா. சும்மா தீர்ந்துடப் போகுது.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன்பின் போர்டு ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் வண்டியின் கைப்பிடியில் ஏறியது. தெருக்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பேட்டரி இறங்கும் நாளில் மட்டும், “என்ன இரும்புக்காரரே, சளியா?” என்று கேட்பார்கள். ஒரே ஒரு விஷயம். கல்லூரிச் சுவர் தொடங்கும் இடத்தில் அவர் சுவிட்சை அணைத்துவிடுவார். சுவர் முடிந்ததும் போடுவார். அப்படிச் செய்யச் சொல்லி அவள் கேட்டதில்லை. வேண்டாம் என்றும் ஒரு வருடம் சொன்னதில்லை. சுவருக்குள்ளே உட்கார்ந்து, அந்த அமைதி எத்தனை நிமிடம் என்று எண்ணிக்கொண்டிருப்பாள். நாலரை நிமிடம்.

கடைசி வருடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கேட்டைத் தாண்டி வெளியே போய், டாக்டர் மகள் பார்த்துக்கொண்டிருக்க, சுவரோரம் சத்தமில்லாமல் வந்த அப்பாவின் வண்டியில் அந்தச் சுவிட்சைப் போட்டாள்.

“எங்கப்பா” என்றாள், யாரும் கேட்காமலே. காது மடல் வரை சுட்டது.

டாக்டர் மகள் அவரையும் டப்பாவையும் பார்த்தாள். “வீட்டுல பழைய ஃபேன் ஒண்ணு கெடக்கு. காயில் எரிஞ்சுபோச்சு. எடுப்பாரா?”

“எரிஞ்சிருந்தாலும் எடுப்பேன்மா” என்றது டப்பா.