மாமனுக்கு ஊட்டிய ரொட்டி

வீரசிங்கம் கங்காணி என் தாய்மாமன். எங்களைக் கப்பலேற்றி நமுனுகுலத் தோட்டத்துக்குக் கூட்டி வந்தவரும் அவர்தான். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் நின்று ஆள் எண்ணுகிற அந்த வாய், வெள்ளைக்காரன் சண்டை முடிந்த வருஷம் பிதற்ற ஆரம்பித்தது. தேயிலைச் செடிகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வராத செடியைப் பிரம்பால் அடித்தார். துரை அவரைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

மாமி உயிரோடில்லை, பிள்ளைகளும் கிடையாது. மாமனாயிற்றே என்று ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சுட்டுக்கொண்டு நான்தான் நடந்தேன்.

வார்டைப் பார்த்துக்கொண்ட ஸலீம் நானா என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டார்.

"இங்க மருந்து பாதி, சொந்தக்காரர்ட கை பாதி. பக்கத்துல இருந்து ரொட்டியப் பிச்சு வாயில தீத்துங்க, கதைங்க. அந்தத் தனலெட்சுமிக்கும் இப்பிடி ஒருத்தர் வந்திருந்தா..."

பிய்த்த ரொட்டியைக் கீழே வைத்தேன். தனம் என் தங்கச்சி. ஏழு வருஷத்துக்கு முன்னால் புருஷனையும் கைக்குழந்தையையும் ஒரே காய்ச்சலில் பறிகொடுத்துப் பேச்சை விட்டவள். மாமன்தான் அவளை இங்கே கொண்டுவந்தார். "பக்கத்துல யாரையும் விடமாட்டாங்களாம்" என்று எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து சொன்னார். கொழும்பு பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள் என்றும் பிற்பாடு அவரே சொன்னார். நாங்களும் நம்பித் தொலைத்தோம். யாரையும் விடமாட்டீர்களாமே என்று நானாவிடம் கேட்டேன்.

"விடமாட்டோமா?" என்றார் ஸலீம் நானா. "சொந்தம் யாரும் இருக்காண்டு டொக்டர் நாலு தரம் கேட்டார். இருந்தா இங்கயே வெச்சுப் பாத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். இவர்தான், 'யாருமில்லீங்க, ஒண்டிக்கட்டை, நான் வெறும் கங்காணி' எண்டார். பொறகுதான் கொழும்புக்கு ஏத்தின."

தாய்மாமன்! அவள் சடங்குக்குச் சீர் கொண்டுவந்த மனுஷன்! நான் அவளுக்குத் துணைக்குப் போனால் பெரட்டில் ஒரு ஆள் குறையுமே, ஆளுக்கு இத்தனை என்று அவருக்கு வரும் தலைக்காசு குறையுமே, அதற்காக.

அன்றைக்கே அவர் குரல்வளையைப் பிடித்திருப்பேன். அவரோ என்னைப் பார்த்து, "யாரு, புது ஆளா?" என்றார். எதுவும் விளங்காத ஆளைப் பழிவாங்கி என்ன சுகம்? முதலில் புத்தி தெளியட்டும் என்று முடிவு செய்தேன்.

ஒன்பது ஞாயிறு, மழையென்றும் அட்டைக்கடியென்றும் பார்க்காமல் போனேன். ரொட்டியைப் பிய்த்து ஊட்டினேன். தலைக்கு எண்ணெய் வைத்தேன். ஊர்ப் பேரையும் அம்மா பேரையும் சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்படி ஒரு சொந்தம் கிடைக்கவேண்டுமே என்று ஸலீம் நானா எல்லோரிடமும் சொன்னார். ஆறாம் வாரம் மாமன், பெரியாயி என்று என் பேரைச் சொன்னார். எட்டாம் வாரம், "தனத்த நான்..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தெளிந்துவிட்டது என்று அப்போதுதான் நம்பினேன்.

ஒன்பதாம் வாரம் டொக்டர் வந்தார். ஆள் தேறிவிட்டார், ஆனால் தனியாக விட முடியாது என்றார். சொந்தக்காரர் பொறுப்பேற்றுக் கைநாட்டு வைத்தால் வீட்டுக்கு, இல்லாவிட்டால் கொழும்புக்கு.

"நீங்க இவருக்கு என்ன முறை?" என்று என்னைக் கேட்டார்.

மாமன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு புறப்படத் தயாராக நின்றார்.

"முறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அவரு கங்காணி, நான் வெறும் ஆளு. அவருக்கு யாருமில்லீங்க, ஒண்டிக்கட்டை."

ஸலீம் நானா என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டார்.

மாமனுக்கு நன்றாகப் புரிந்தது. "அடியே பெரியாயி! நான் ஒங்காத்தா கூடப் பொறந்தவன்டி!" என்று மார்பில் அடித்துக்கொண்டு கத்தினார்.

"இன்னும் பிதற்றல் இருக்கிறது" என்று டொக்டர் எழுதிக்கொண்டார்.

மனசு ஆறியதா என்று கேட்டால், ஆறியது. பொய் சொல்ல மாட்டேன். அவருக்காகக் கொண்டுபோன ரொட்டியை ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் நானே தின்றேன். ஒன்பது வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குச் சாப்பாடு ருசித்தது.