நாற்பதாவது இடம்

ஒரு குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் பிடிக்க ஆன விலை, மூன்று அதிகாரிகளின் கௌரவம். அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் பெண்ணின் மகள் ஐந்து மாதமாகக் காத்திருந்தாள். காப்பகமோ நாற்பது இடமும் நிரம்பிவிட்டது என்றே சாதித்தது. தினமும் யாராவது வராமலிருப்பதால் தலையை எண்ணிப் பார்த்தும் பயனில்லை. தடுப்பூசி, சத்துணவுப் பட்டியல்களோடு ஒத்துப்பார்த்தால்தான் உண்மை தெரியும் என்று அந்த அலுவலகத்து ஒருங்கிணைப்பாளர் மூன்று பட்டியல்காரர்களையும் கூட்டினாள்.

"முதல்ல அவங்க காட்டட்டும்," என்றார் காப்பகத்து அம்மா.

"ஏன், நான் என்ன இளிச்சவாயனா?" என்றார் தடுப்பூசிக்காரர்.

சத்துணவு அதிகாரி தன் பட்டியலின் மேல் உட்கார்ந்தேவிட்டார்.

ஒருங்கிணைப்பாளருக்குப் பேரம் புதிதல்ல. "யாரும் முழுசாக் காட்ட வேணாம்ங்க. பிறந்த தேதி, அம்மாவோட போன் நம்பர், செல்லப் பேர் போதும். தப்பு இருந்தா, பட்டியல் யாருதோ அவங்களே திருத்தட்டும். மூணு எண்ணினதும் எல்லாரும் ஒண்ணா வைங்க."

வைத்தார்கள். காப்பகத்தின் பட்டியலில் ஒரே தேதியும் ஒரே நம்பரும் இரண்டு வரிகளில் இருந்தன. ஒன்றில் 'தங்கம்', இன்னொன்றில் 'ராஜா'.

"இரட்டைப் பிள்ளைங்க!" என்றார் காப்பகத்து அம்மா அவசரமாக.

"நான் ஊசி போட்டது ஒருத்தனுக்குத்தான்."

"மாவுப் பொட்டலமும் ஒண்ணுதான் போகுது."

"அம்மா கொண்டுவந்து விட்டா தங்கம், அப்பா கொண்டுவந்து விட்டா ராஜா. கூப்பிட்டதையே எழுதிட்டோம்," என்று முனகியபடி காப்பகத்து அம்மா தன் கையாலேயே ஒரு வரியை அடித்தார்.

பட்டியலில் இருந்த பெயர் நாற்பது. குழந்தைகள் முப்பத்தொன்பது. நாளைக் காலை வரப்போகிறவள் ஒருத்தி. பாக்கி இல்லை.