தாம்பாளம் ஏந்திய கையும் ஒரு தும்மலும்

வெங்கிடாசலத்தின் மேல்தாடையில் எலும்பு காகிதமாகத் தேய்ந்திருந்தது. பல்லை நட்டால் நிற்காது என்று, டாக்டர் ஸுப்ரியா கன்னத்துக்குள் இருக்கும் சைனஸ் சவ்வை மெல்லத் தூக்கி, அடியில் எலும்புப் பொடியை அடைத்துத் தையல் போட்டிருந்தாள். அது கெட்டியாக ஆறு மாசம் ஆகும், பல் அப்புறம்தான். "மூக்கைச் சிந்தக் கூடாது சார். தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மிடுங்க. அடக்கினா சவ்வு கிழிஞ்சு எல்லாம் போயிடும்."

தையல் பிரிக்கும் முன்பே பெண் அம்ருதாவின் நிச்சயதாம்பூலம் வந்து நின்றது. திருப்பூணித்துறை சம்பந்தம். பையன் கோவிந்த் தங்கம். அவனுடைய அத்தை கற்பகம்தான் இம்சை. சுப காரியத்தில் ஒற்றைத் தும்மல் ஆகாது அவளுக்கு. போன வருஷம் வேறொரு வீட்டில் யாரோ தும்மிவிட்டார்கள் என்று, போட்ட இலையில் உட்காராமல் எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போனவள்.

"அப்பா, நீ மட்டும் தும்மிடாதே ட்டோ" என்று அம்ருதா மலையாள வால் சேர்த்துக் காலையிலிருந்து பாதி விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மீதிப் பாதி விளையாட்டில்லை என்று அவருக்குத் தெரியும்.

மிளகும் மிளகாயும் மூட்டை மூட்டையாக இறங்கும் மட்டாஞ்சேரியில் தும்மாமல் இருப்பதாவது! அன்றைக்கென்று பார்த்து வீட்டுக்குக் கீழே இருந்த கிடங்கில் வற்றல் மிளகாய் மூட்டைகளைப் பிரித்தார்கள். ஜன்னலைச் சாத்தச் சொல்லி மனைவி ஜெயலக்ஷ்மிக்குக் கண்ணைக் காட்டினார். காப்பி வேணுமா என்று அவள் பதிலுக்குக் கண்ணாலேயே கேட்டாள்.

வாத்தியார் லக்ன பத்திரிகையை வாசித்து முடித்து, தட்டை மாற்றிக்கொள்ளச் சொன்னார். வெங்கிடாசலத்தின் இரண்டு கையிலும் தாம்பாளம். எதிரே சம்பந்தி, அவர் தோளுக்குப் பின்னால் கற்பகம், போலீஸ்காரி மாதிரி. மூக்கின் உச்சியில் அது கிளம்பிவிட்டது. எழுந்து ஓட வழியில்லை, மூக்கைத் தேய்க்கக் கையில்லை. வாயைத் திறந்தால் கல்யாணம் போச்சு; மூடினால் எலும்பு போச்சு. அம்ருதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈஸ்வரா, நான் என்ன பாவம் பண்ணினேன் என்று உள்ளுக்குள் அழுதார்.

வாயை இறுக மூடிக்கொண்டார்.

உள்ளே ஏதோ படக்கென்று கிழிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. வாயெல்லாம் உப்புக் கரித்தது. நாக்கில் எலும்புப் பொடி நறநறத்தது.

தட்டைச் சம்பந்தியிடம் நீட்டினார். அவர் வாங்கக் கை நீட்டிய சமயம், கூடமே அதிரும்படி கற்பகம் தும்மினாள். ஒரே ஒரு தும்மல்.

"என்ன நெடி இது, ராம ராமா!" புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மிளகாய்க்கு வர்ற தும்மலெல்லாம் கணக்குல சேராது. வாங்கிக்கோ அண்ணா. நான் சொல்றது சரிதானே மாமா?"

வெங்கிடாசலம் வாயைத் திறக்க முடியாமல், ரத்தத்தை விழுங்கிக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.